காணாமையும் இன்மையும்

சோழ நாட்டுக் கண்டரமாணிக்கத்தைச் சேர்ந்த தர்மராஜ அத்வரீந்திரர் 17-ஆம் நூற்றாண்டில் இயற்றிய வேதாந்த பரிபாஷை, அத்வைத சாஸ்திரம் பயிலப் புகும் மாணவர்கள் முதலில் கையில் எடுக்கும் நூல்களுள் ஒன்று. எட்டுப் பரிச்சேதங்கள் கொண்ட அந்நூலில் முதல் ஆறும், அறிவைத் தரும் வழிகளாகிய ஆறு பிரமாணங்களைப் பற்றியவை. பிரத்தியட்சத்தோடும் அனுமானத்தோடும் ஆசிரியரும் மாணவரும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிவிட்டு, ஆறாவதாகிய அனுபலப்திக்கு, அதாவது காணாமைக்கு, வந்து சேரும்போது களைத்துப்போய், ஒரே பிற்பகலில் அதைப் படித்து முடித்து எழுந்துவிடுவது வழக்கம். நானும் அப்படி எழுந்தவன்தான். தரையில் குடம் தென்படவில்லை, ஆகவே குடம் இல்லை என்று அறிந்துகொள்வதற்குத் தனியாக ஒரு பிரமாணம் வேண்டுமா, இந்த அற்ப விஷயத்துக்காகவா பாட்டர், பிராபாகரர் என்ற மீமாம்சகர்களும் தர்க்கவாதிகளான நையாயிகர்களும் இத்தனை நூற்றாண்டு வழக்காடினார்கள் என்று அன்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அந்தச் சிரிப்புக்குப் பிராயச்சித்தம் செய்யும்படி நேர்ந்தது வெகுகாலத்துக்குப் பிறகு, பாலக்காட்டில், என் நண்பர் ஒருவரின் கண்ணிமையில் தோன்றிய வீக்கத்தினால்.

நண்பர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவ்வூர்க்காரர் எல்லாருக்கும் 'மாஷ்'. மலையாள தேசத்தில் யுக்திவாதி என்று சொல்வார்களே, அந்த வர்க்கத்தில் அசைக்க முடியாத அங்கத்தினர். நாற்பது வருஷமாக என்னோடு ஒரே வாதத்தைத்தான் வெவ்வேறு குரலில் வாதித்து வருகிறார்: காணவில்லை, ஆகையால் இல்லை. அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு கறுப்பு நாட்டு நாய் உண்டு. யாரும் அதை வளர்ப்பதாகச் சொல்வதில்லை, ஆனால் இரண்டு வேளையும் அதற்குச் சோறு விழும்.

ஓர் ஆவணி மாதம் அவருடைய இடது கன்னத்து எலும்பின்மேல் புளியங்கொட்டை அளவில் ஒரு தடிப்பு கண்டது. ஏதோ வண்டு கடித்திருக்கும் என்று மஞ்சளரைத்துப் பூசினார். நாலாம் நாள் தடிப்பைக் காணோம். அடுத்த வாரம் இடது மேலிமை வீங்கிக் கண் பாதி மூடிக்கொண்டது. கண்கட்டி என்றார் ஒரு வைத்தியர். கிருமித் தொற்று என்று மாத்திரை எழுதினார் இன்னொருவர். மூன்றாமவர் ஒவ்வாமை என்று சொல்லி ஸ்டீராய்டு கொடுக்க, வீக்கம் மரியாதையாக வடிந்து, பத்து நாள் கழித்துப் புருவத்தின் ஓரத்தில் மறுபடி வந்து உட்கார்ந்தது. இரத்தம் பார்த்தார்கள். புழுத் தொற்று இருந்தால் கூடியிருக்க வேண்டிய ஈஸினோபில் அணுக்கள் கூடவில்லை. சந்தேகத்தின் பேரில் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் பைலேரியாப் புழுவின் குஞ்சுகள் உண்டா என்றும் தேடினார்கள். மறுநாள் வந்த தாளில் எழுதியிருந்தது: மைக்ரோபைலேரியா காணப்படவில்லை.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஆய்வுக்கூடத்துக்காரர் எழுதியது 'காணப்படவில்லை' என்ற ஒரே சொல். அதில் ஒரு பிழையும் கிடையாது. அந்தத் தாள் வைத்தியரின் மேஜைக்குப் போனபோது 'புழு இல்லை' என்று ஆயிற்று. வைத்தியர் வாயிலிருந்து நண்பரின் மகனுக்குத் தொலைபேசியில் போனபோது 'அப்பாவுக்கு ஒண்ணுமே இல்லையாம்' என்று ஆயிற்று. காணாமை இன்மையாகி, ஒன்றின் இன்மை எல்லாவற்றின் இன்மையாகி, கடைசியில் நோயாளியே பொய்யர் என்ற நிலைக்கு வந்து நின்றது. ஏனெனில் நண்பர் விடாமல் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஓய், உள்ளே என்னமோ ஊர்றது. விளக்கை அணைச்சுட்டுப் படுத்தா, தைக்கிற நூலை இமைக்குள்ளே மெள்ள இழுக்கிற மாதிரி இருக்கு."

தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, மனசை அலட்டிக்கொள்ள வேண்டாமென்று புத்திமதியும் சொல்லி அனுப்பினார்கள். வாழ்நாள் முழுவதும் 'கண்டதையே நம்பு' என்று பிறருக்குப் போதித்த மனிதர், தாம் உணர்ந்ததைப் பிறர் நம்பவில்லை என்று முறையிட்டதைப் பார்க்க எனக்குப் பரிதாபமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

அந்தச் சமயத்தில்தான் நான் அவரை அழைத்துக்கொண்டு வயது முதிர்ந்த ஒரு கண் வைத்தியரிடம் போனேன். அந்த அம்மாள் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒருபுறம் வைத்தார். ஒரு காகிதத்தில் முட்டை வடிவமாக ஒரு முகம் வரைந்து, பென்சிலை நண்பரிடம் கொடுத்து, "மாஷே, முதல்ல எங்கே வந்தது, அப்புறம் எங்கே, தேதியோட ஒரு புள்ளி வையுங்க" என்றார். நண்பர் கணக்கு வாத்தியாரல்லவா? கன்னத்தில் ஒன்று, கடைக்கண்ணில் ஒன்று, மேலிமையில் இரண்டு, புருவத்தில் ஒன்று என்று நாளும் கிழமையும் தவறாமல் குறித்தார். அம்மாள் அந்தப் புள்ளிகளை ஒரு கோட்டால் இணைத்தார்.

"கட்டி இப்படி நடக்காது. வீட்டுல நாய் உண்டா?"

மீமாம்சகர்கள் அர்த்தாபத்தி என்று ஒரு பிரமாணம் சொல்வார்கள். தேவதத்தன் பருத்திருக்கிறான்; பகலில் அவன் உண்பதேயில்லை; அப்படியானால் இரவில் உண்கிறான் என்று கொண்டாலொழிய அவன் பருமன் பொருந்தாது. நடக்கும் வீக்கத்தினுள்ளே நடப்பது ஒன்று இருந்தாலொழிய அந்த ஐந்து புள்ளிகளும் பொருந்தமாட்டா என்று அம்மாள் தெளிந்ததும் அதுவேதான். நோய் நிதானம் என்ற கலையில் பாதிக்குமேல் இந்தத் தேவதத்தனைப் பிடிக்கிற வேலையே என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்று விளக்குக் கருவியின்முன் உட்கார்த்தி வைத்து எவ்வளவு பார்த்தும் ஒன்றும் தென்படவில்லை. ஆனால் அவர் 'இல்லை' என்று சொல்லவில்லை. "இப்ப உள்ளே போயிருக்கும். ஊர்ற உணர்ச்சி வந்தவுடனே, எந்த நேரமானாலும் சரி, வந்துடுங்க" என்றார். இந்த ஒரு வாக்கியத்தின் பெருமை அன்று எனக்கு முழுவதும் விளங்கவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு நண்பர் ஓடினார். நானும் கூடப் போனேன். கடைக்கண்ணருகே, வெள்ளை விழியைப் போர்த்திய மெல்லிய சவ்வுக்கடியில், சுருண்ட வெண்ணிற நூலொன்று வெளிச்சத்தில் தெரிந்தது, சுருள் மாறியது, மறுபடி மாறியது.

மரத்துப்போவதற்குச் சொட்டு மருந்து விட்டு, சவ்வில் நெல்நீளம் கீறி, இடுக்கியால் அம்மாள் அதைப் பற்றினார். பற்றிய பிடி தளரக்கூடாது. தளர்ந்தால் நழுவி ஆழத்தில் போய்விடும். 1770-இல் சாந்தோ தொமிங்கோவில் மோஞ்சேன் என்ற பிரெஞ்சு ரணவைத்தியர் ஒரு பெண்ணின் கண்ணில் ஊர்ந்த புழுவை எடுக்க முயன்று, கண்ணெதிரே கண்டதைக் கைநழுவ விட்டதாக வைத்திய சரித்திரம் கூறுகிறது. அது வேறு இனப் புழு, ஆனால் நழுவும் குணம் ஒன்றே. இங்கே நழுவவில்லை. பூக்காரி மல்லிகை தொடுக்கிற வெள்ளை நூலைப் போல, என் சுட்டுவிரலினும் நீளமாக அது வெளியே வந்து, உப்புநீர்க் கிண்ணத்தில் எட்டுப் போட்டது. நண்பர் ஒற்றைக் கண்ணால் அதைக் கூர்ந்து பார்த்தார். "இத்தனை நாள் எம்முகத்துல குடியிருந்தியா?" என்று அதனிடமே கேட்டார்.

குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது அதன் தோலில் நீளவாக்கில் வரிவரியாக மேடுகள் இருந்தன. நாயின் இருதயத்தில் வாழும் ஒன்றுவிட்ட சகோதரப் புழுவுக்குத் தோல் வழவழப்பானது. மேடுகள் உள்ள இது நாயின் தோலுக்கடியில் வாழும் டைரோபைலேரியா ரெபன்ஸ். லத்தீனில் அப்பெயரின் பொருள் 'ஊரும் கொடிய நூல்' என்பதாகும். பெயர் வைத்தவர்கள் ரய்யே, ஆன்ரி என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், 1911-இல். அதற்கு வெகுமுன்பே, 1867-இல், சிசிலித் தீவின் பலேர்மோ நகரத்தில் ஆஞ்ஜெலோ பாச்சே என்பவர் ஒரு சிறுவனின் மேலிமைக் கட்டியிலிருந்து எடுத்த புழுவை வர்ணித்திருக்கிறார். அதுவும் இதுவே என்று பிற்காலத்தார் கருதுகிறார்கள். இத்தாலி, இலங்கை, கேரளம் ஆகிய பிரதேசங்களிலிருந்து இந்நோய் பற்றிய குறிப்புகள் மிகுதியாக வருகின்றன. நாயைக் கடித்த கொசு மனிதனைக் கடிக்கும்போது குஞ்சுப் புழு உடலில் புகுகிறது. மனித உடல் அதற்கு முட்டுச்சந்து. அங்கே அது பெரும்பாலும் தனியொரு புழுவாகவே வந்து சேர்கிறது, துணை கிடையாது, பருவம் எய்துவதும் அபூர்வம், சந்ததி இல்லாமல் திரிந்து, ஒரு நாள் மடிகிறது. வெளியே எடுத்துவிட்டால் தீர்ந்தது. பெரும்பாலும் மருந்துகூட வேண்டியதில்லை.

அனுபலப்திப் பரிச்சேதத்தின் முடிச்சு எனக்கு அவிழ்ந்தது இங்கேதான். துணையில்லாத புழு குஞ்சு ஈனாது. ஈனாத குஞ்சு இரத்தத்தில் நீந்தாது. எனவே அந்தப் பதினொரு மணி இரத்தப் பரிசோதனை, புழு இல்லாவிட்டாலும் 'காணப்படவில்லை' என்றுதான் சொல்லியிருக்கும், புழு இருந்தாலும் 'காணப்படவில்லை' என்றுதான் சொல்லியிருக்கும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே சாட்சியம் சொல்கிறவனைக் கோர்ட்டில் சாட்சியென்று ஒப்புக்கொள்வார்களா? ஆனால் மூன்று வைத்தியர்களும் ஒரு குடும்பமும் அந்தச் சாட்சியின் வாக்கை நம்பி நடந்தார்கள்.

அத்வரீந்திரர் சொல்வது யாதெனில், எந்தக் காணாமையும் இன்மையைக் காட்டிவிடாது. யோக்கியமான காணாமை ஒன்றே காட்டும். யோக்கியதை எப்படித் தெரியும் என்றால், ஒரு தர்க்கத்தால்: இங்கே குடம் இருந்திருந்தால் அது எனக்குத் தென்பட்டிருக்கும். நல்ல வெளிச்சத்தில், தடையில்லாத தரையில், பழுதற்ற கண்ணோடு நிற்பவன் இதைச் சொல்லலாம். ஆகையால் அவன் குடம் இல்லை என்றும் சொல்லலாம். இருட்டில் நிற்பவன் இதைச் சொல்ல முடியாது. எனவே அவனுக்கு அந்த அதிகாரமும் இல்லை. ஒருவனுடைய புண்ணியமும் பாவமும் கண்ணுக்குத் தெரியும் வஸ்துக்கள் அல்ல. ஆகவே அவை தெரியவில்லை என்பதைக் கொண்டு அவை இல்லை என்று தீர்ப்பளிக்க இயலாது என்றும் சேர்த்துச் சொல்கிறார். 'இல்லை' என்பது சும்மா கிடைக்கும் சொல் அன்று. 'உண்டு' என்பவன் ஒன்றைக் காட்டினால் போதும். 'இல்லை' என்பவனோ தன் கண்ணையும், தன் விளக்கையும், தான் நின்ற வேளையையும், தேடப்பட்ட பொருளின் சுபாவத்தையும் ஒருசேர ஜாமீன் கொடுக்க வேண்டியிருக்கிறது.

வேளை என்று சொன்னேன். அதற்கு ஒரு கதை உண்டு. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு வேறு இனம். அது மனிதனையே வீடாகக் கொண்டு, ஜோடி சேர்ந்து, கோடிக்கணக்கில் குஞ்சு பொரிப்பது. 1870-களின் இறுதியில் சீனத்து அமாய் துறைமுகத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த பாட்ரிக் மான்சன், பகலில் எடுத்த இரத்தத்தில் அருகியும் இரவில் எடுத்த இரத்தத்தில் மலிந்தும் அக்குஞ்சுகள் காணப்படுவதைக் கண்டறிந்தார். அவை பகலில் நுரையீரலின் இரத்தக் குழாய்களில் ஒதுங்கிக் கிடந்து, கொசு கடிக்கிற இரவு நேரத்தில் தோலுக்கு அருகே வருகின்றன. பகலில் உண்ணாத தேவதத்தன் சாட்சாத் இவனேதான்! கும்பகோணத்தைப் போல யானைக்கால் மலிந்திருந்த ஊர்களில் வாழ்ந்த முதியவர்களுக்கு, ஊர் அடங்கிய பிறகு கைவிளக்கோடு வந்து கதவைத் தட்டி, தூங்குகிற குழந்தையின் விரலில் குத்தி இரத்தம் எடுத்துப்போகும் சுகாதார ஊழியர்களை நன்றாக ஞாபகம் இருக்கும். திருடர் வரும் நேரத்தில் சர்க்கார் வருகிறதே என்று வைதவர்களும் உண்டு. ஆப்பிரிக்காவின் மேற்கிலும் நடுவிலும் கண்ணில் ஊரும் லோவா லோவா என்னும் புழுவோ நேர் எதிரி. அதைப் பரப்பும் ஈ பகலில் கடிப்பது, ஆதலால் அதன் குஞ்சுகளும் பகலிலேயே இரத்தத்தில் உலாவுகின்றன. ஒருவனுக்குப் பகல் யோக்கியம், இன்னொருவனுக்கு இரவு யோக்கியம், எங்கள் மாஷின் புழுவுக்கோ எந்த வேளையும் யோக்கியம் அல்ல.

அப்படியானால் ஊர்கிறது என்று சொல்கிறவன் வாக்கையெல்லாம் வேதமாக எடுத்துக்கொள்வதா? அதுவும் ஆகாது. 1938-இல் ஸ்வீடன் தேசத்து எக்போம் என்ற நரம்பு வைத்தியர் விரிவாக எழுதிய ஒரு மனோவியாதி உண்டு. அதில் அகப்பட்டவர்கள் தோலுக்குள் பூச்சி ஊர்வதாகச் சத்தியம் செய்வார்கள். தீப்பெட்டியில் பஞ்சுத் துணுக்கையும் தோல் செதிலையும் பத்திரமாகப் போட்டுக் கொண்டுவந்து, இதோ பூச்சி என்று காட்டுவார்கள். அவர்களைக் கத்தியால் கீறுகிற வைத்தியன் பாவியாவான். எங்கள் நண்பருக்குத் தூக்க மாத்திரை எழுதிய மனிதரை நான் முற்றிலும் நிந்திக்காததற்கு இதுவே காரணம். ஆனால் ஆப்த வாக்கியம், அதாவது நம்பத்தக்கவன் சொல், என்பதன் எல்லையை அவர் சற்றே யோசித்திருக்கலாம். தீப்பெட்டிக்காரனும் சரி, மாஷும் சரி, தம் உணர்ச்சிக்குச் சாட்சிகளே தவிர, அந்த உணர்ச்சியின் காரணத்துக்குச் சாட்சிகள் அல்லர். 'ஊர்கிறது' என்பதில் ஊரும் உணர்வு ஒன்று, ஊரும் பொருள் ஒன்று. முதலாவதில் நோயாளியே ஆப்தன். அவனை மறுக்க எவனுக்கும் உரிமை இல்லை. இரண்டாவதைத் தேடுவது வைத்தியனின் கடமை. மாஷிடம் முதலாவதை மறுத்தார்கள். அதனால் இரண்டாவதைத் தேடாமலே விட்டார்கள். பென்சிலைக் கையில் கொடுத்த அம்மாளோ அவர் சொன்னதை அப்படியே நம்பிவிடவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை, சோதிக்கத்தக்கதாக மாற்றினார்.

கட்டு அவிழ்த்த அன்று மாலையில் நண்பரின் திண்ணையில் உட்கார்ந்து, நாற்பது வருஷக் கடனைத் தீர்த்துவிடும் உற்சாகத்தோடு நான் ஆரம்பித்தேன். மிதிலையில் 10-ஆம் நூற்றாண்டில் விளங்கிய உதயனாசாரியர், நியாயகுஸுமாஞ்ஜலி என்ற நூலின் மூன்றாம் ஸ்தபகத்தில், ஈசுவரன் காணப்படவில்லை என்ற ஆட்சேபத்தை எடுத்துக்கொண்டு, காண்பதற்கு யோக்கியமாயிருப்பதன் காணாமையே இன்மைக்குச் சான்றாகும், ஈசுவரனோ அத்தகையவன் அல்லன், ஆதலால் உன் காணாமை அவனை ஒன்றும் செய்யாது என்று நிறுவியிருக்கிறார். "உம்ம இரத்தத்துல காணாதது உம்ம இமையிலே இருந்துதே. இனிமேலாவது 'காணலை, அதனால இல்லை'ங்கிற பல்லவியை நிறுத்தும்" என்றேன்.

நண்பர் அசையவில்லை. நாய்க்குச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சரி, நிறுத்திட்டேன். அந்த அம்மா இடுக்கியால எடுத்துக் கிண்ணத்துல போட்டுக் காட்டினா. உம்ம இடுக்கி எங்கே ஓய்?"

அத்தோடு விடவில்லை. பர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1952-இல் எழுதிய ஒரு கட்டுரையில் வரும் தேநீர்க் கெண்டியை எடுத்தார். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே எந்தத் தூரதர்சினிக்கும் அகப்படாத பீங்கான் கெண்டி ஒன்று சூரியனைச் சுற்றுகிறது என்று ஒருவன் சொன்னால், அதை யாரும் இல்லையென்று நிரூபிக்க முடியாது என்பதற்காக நம்பிவிடுவோமா? கெண்டியும் அயோக்கியம், பிசாசும் அயோக்கியம், முயற்கொம்பும் வேண்டுமானால் அயோக்கியம். "உம்ம உதயனர் என் வாயை அடைச்சார், உம்ம கையிலே என்ன கொடுத்தார்?"

வீட்டுக்குத் திரும்பிய பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. யோசிக்க யோசிக்க, நண்பர் சொன்னதில் பெரும்பகுதி சரியென்றே படுகிறது. உதயனருடைய பரம விரோதிகளான பௌத்தர்களுள் தலைசிறந்த தர்மகீர்த்தியும் இவ்விஷயத்தில் ஏறக்குறைய அவர் பக்கத்திலேயே நிற்பதை நான் இப்போதுதான் ஊன்றிப் பார்த்தேன். காணத்தக்கதன் காணாமை இன்மையை நிச்சயிக்கும். காணத்தகாததன் காணாமை சந்தேகத்தை மட்டுமே தரும் என்பது அவர் சித்தாந்தம். சந்தேகம் என்றால் சந்தேகம்தான். அது நாஸ்திகனுக்கு வெற்றியும் அல்ல, ஆஸ்திகனுக்குப் பிரசாதமும் அல்ல. உதயனருக்கும் இது தெரிந்தே இருந்தது. அதனால்தான் மூன்றாம் ஸ்தபகத்தோடு பேனாவைக் கீழே வைக்காமல், ஐந்தாம் ஸ்தபகத்தில், உலகமாகிய காரியத்திலிருந்து கர்த்தாவை ஊகிக்கும் யுக்திகளைத் தனியே அடுக்கப் போனார். அவை நடக்கும் வீக்கத்துக்கு ஈடான சான்றுகளா, அல்லவா என்பதே உண்மையான விவகாரம். மூன்றாம் ஸ்தபகத்தைக் காட்டிவிட்டு ஜெயகோஷம் போடும் என்னைப் போன்றவர்கள் வழக்கு ஆரம்பமாவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விடுகிறோம். நம் தமிழிலும் மணிமேகலை பத்துப் பிரமாணங்களை எண்ணும்போது அபாவத்தை, அதாவது இன்மையை, ஒன்றாக வைக்கிறது. சிவஞான சித்தியாரோ பிறர் சொல்லும் அளவைகளுள் அதையும் எண்ணிவிட்டு, காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறது. இன்மையைத் தனிப்பட ஒரு கருவியாக நம்பிக் கையில் எடுக்கத் தயங்கிய அந்தச் சைவப் பெரியவரின் ஜாக்கிரதை எனக்கு இப்போது பிடித்திருக்கிறது.

எங்கள் பக்கத்தில் வேறொரு கெட்ட பழக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கடவுளைக் காணவில்லையே என்று ஒருவன் கேட்டால், உனக்குப் பக்குவம் போதாது, உன் கண் யோக்கியமானது அல்ல என்று திருப்பியடிக்கிறோம். யோக்கியதை என்ற அருமையான சொல்லை இதைவிட மோசமாக உபயோகிக்க முடியாது. காணாததற்கெல்லாம் காண்பவனே பொறுப்பு என்று ஆகிவிட்டால், பிறகு எந்தக் காணாமையும் எதற்கும் சான்றாகாது. அத்வரீந்திரர் இருட்டையும் வெளிச்சத்தையும் பிரித்துக் காட்டியது அதற்கல்ல. வைத்திய அம்மாள் முதல் நாள் ஒன்றும் காணாதபோது மாஷைக் குறை சொல்லவில்லை. எப்போது காணலாம் என்பதைச் சொன்னார். எந்த நேரமும் காத்திருப்பதாகச் சொன்னார். காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தார். ஆஸ்திகன் தன் பொருளைப் பற்றிப் பேச விரும்பினால், இன்ன நிலையில், இன்ன வேளையில், இன்ன சாதனத்தால் காணலாம், அப்படியும் காணாவிட்டால் என் கூற்று தவறு என்று சொல்லுகிற தைரியம் அவனுக்கு வேண்டும். யோகிகளும் ஞானிகளும் சாதனத்தைச் சொன்னார்கள் என்பது மெய். கடைசி வாக்கியத்தைச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன். நாஸ்திகனுக்கும் இதே விதிதான். இருந்திருந்தால் எங்கே, எப்படித் தெரிந்திருக்கும் என்று அவன் முதலில் சொல்லட்டும்; பிறகு 'இல்லை' என்று சொல்லட்டும். இரண்டும் சொல்லாத வாதம், பதினொரு மணி இரத்தம்.

அம்மாள் சொல்லியிருந்தபடி, அடுத்த வாரம் நண்பர் அந்தக் கறுப்பு நாயைக் கயிற்றில் கட்டி மிருக வைத்தியரிடம் இழுத்துப்போனார். அதற்கு உடம்பில் ஒரு தடிப்பும் இல்லை, அரிப்பும் இல்லை. வழியெல்லாம் வாலை ஆட்டிக்கொண்டே வந்தது. முன்னங்காலில் இரத்தம் எடுத்து, ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, வைத்தியர் முதலில் தாம் பார்த்துவிட்டு நண்பரைக் கூப்பிட்டார். நண்பர் வலது கண்ணால் பார்த்தார். பிறகு, ஆறிப்போன இடது கண்ணாலும் ஒரு முறை பார்த்தார். என்னைப் பார்க்கச் சொன்னார். சிவப்பணுக்களை இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டு, கண்ணாடி இழைகளைப் போல ஏழெட்டுக் குஞ்சுகள் அந்த ஒரு துளியில் நெளிந்துகொண்டிருந்தன.